ஒரு நூல் இறக்கம்

அந்த ஃபேனை நிறுத்திவிடட்டுமா? வியர்க்கும்தான். ஆனால் ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்கில் விழுந்துவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி. உங்கள் ஃபோனை இந்தப் பக்கம் வையுங்கள், ரூஹி. ஜன்னல் ஓரம் வேண்டாம், மந்தைவெளி டிப்போவில் நாள் முழுக்க பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அம்மா டீ போடுகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா இந்தத் தெருவுக்கே ஃப்ளோரா டீச்சர், டீ கொடுத்தால் கூடவே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள், நம் வேலை நடக்காது.

உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் ‘மறுகரை’ ஆல்பத்தைப் பற்றி இதுவரை வந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். ராக் பேண்டில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த நோயல், பேண்ட் உடைந்தபின் ஓர் அறைக்குள் தனியாக உட்கார்ந்து எலெக்ட்ரானிக் இசையில் மறுபிறவி எடுத்துவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். மறுபிறவி கொஞ்சம் பெரிய வார்த்தை. பரவாயில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே ஓர் இடத்தில்தான் மனசு கசந்துபோயிற்று. ஆல்பம் முழுக்க வருகிற அந்தப் பெண்குரலை ‘ஏஐ உருவாக்கிய குரல்’ என்று போட்டுவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. ஆனால் அச்சில் பார்த்தபோது தாங்கவில்லை. அது மெஷின் இல்லை, ஸஹானா என்கிற பெண்ணின் குரல். அதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன். அவள் குரல் என்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று அடுத்துக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.

எங்கள் பேண்டுக்குத் ‘தகரக்கூரை’ என்று பெயர். இந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதில்தான் ஒத்திகை. மழை வந்தால் ட்ரம்ஸ்கூடக் கேட்காது. நான் கிடார், பாட்டெழுதியதும் நான். ட்ரம்ஸ் இனாயத், ராயப்பேட்டைக்காரன். பேஸ் வாசிக்கிறவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், அவர்களை விட்டுவிடலாம். பாடியது ஸஹானா.

அவள் மயிலாப்பூர், வடக்கு மாடவீதிக்குப் பின்னால் வீடு. அப்பா ஸ்ரீனிவாசராகவன் வங்கியில் வேலை பார்த்தவர், மார்கழி வந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது, சபா கேன்டீனில்தான் பிடிக்கலாம். தனக்குப் பிடித்த ராகத்தின் பெயரையே பெண்ணுக்கு வைத்தவர். ஐந்து வயதிலிருந்து விடியற்காலையில் அவளைச் சுருதிப்பெட்டி முன்னால் உட்கார வைத்திருக்கிறார். அந்த வீட்டில் பரீட்சையில் ஃபெயிலானால் மன்னிப்பு உண்டு, சுருதி விலகினால் கிடையாது. பெண் ராக் பாடப் போகிறாள் என்றதும் எங்கள் எல்லோருக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் மனிதர் சண்டை போடவில்லை. எங்கே வேண்டுமானாலும் பாடு, சுருதியோடு பாடு என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம்.

நான் அவளைக் காதலித்தேன். இத்தனை நேராக இதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொன்னதில்லை. ஒன்பது வருடம் ஒரே வேனில் போனோம், ஒரே பொட்டலத்தில் பிரியாணி தின்றோம், அவளுக்கு மட்டும் தயிர்சாதம். பாட்டு முடிந்ததும் அவள் கைதட்டுகிற கூட்டத்தைப் பார்க்க மாட்டாள். திரும்பி என்னைப் பார்ப்பாள். சரியா என்று புருவத்தைத் தூக்குவாள். நான் தலையாட்டுவேன். அதற்காகவே அடுத்த பாட்டை எழுதுவேன். அசடு என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

ஒருநாள் சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பார்க்குக்கு வரச் சொன்னாள். பம்பாயில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிட்டிருந்தது. தனி ஆல்பம், வருஷம் முழுக்கக் கச்சேரி, அங்கேயே தங்க வேண்டும்.

“அவா என்னை மட்டும்தான் கேக்கறா, நோயல். வாசிக்கறவாளை அங்கேயே பாத்துக்கறாளாம்,” என்றாள். “நீ வேண்டாம்னு சொன்னா நான் போகலைடா.”

பைத்தியமா, போ என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எங்களைச் சுற்றி பென்ஷன் வாங்குகிறவர்கள் ஷூ போட்டுக்கொண்டு வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவள் என் தோளில் செல்லமாக ஒரு குத்து விட்டு, உன்னிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது என்றாள். அந்த சீசன் கச்சேரிகளை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் கையெழுத்து, அதுவரை யாருக்கும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. பார்க்கிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். 

இதில் கொஞ்சம் தொழில் விஷயம் வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். ராக் மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. ட்ரம்ஸும் கிடாரும் அந்த அடி அடிக்கும். அதனால் காதுக்குள் சின்னதாக ஒன்றைச் செருகிக்கொள்வார்கள், இன்-இயர் என்போம். பாடுகிறவரின் குரலே அதன் வழியாக அவர் காதுக்குத் திரும்பி வரும். அதைக் கேட்டுத்தான் சுருதியைப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்துக்குப் போகிற சத்தம் வேறு, காதுக்குப் போகிற சத்தம் வேறு. எங்கள் பேண்டில் இரண்டையும் கவனித்துக்கொண்டது என் பக்கத்தில் இருந்த லேப்டாப். தனியாகச் சவுண்டுக்கு ஆள் வைக்க எங்களுக்கு வசதி கிடையாது.

பார்க்கில் பேசிய அடுத்த வாரம் ஒத்திகையில், சுருதியை லேசாக இறக்குகிற ஓர் எஃபெக்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கிடாருக்குப் போட வேண்டியது கைதவறி அவள் காதுக்குப் போய்விட்டது. சத்தியமாகக் கைதவறித்தான். பாடிக்கொண்டிருந்தவள் பாட்டின் நடுவிலேயே திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் பாட்டின் நடுவில் அவள் என்னைத் தேடியது அதுதான் முதல் தடவை. கண்ணில் ஒரு கலக்கம். நான் தலையாட்டினேன், முகம் தெளிந்தது, தொடர்ந்து பாடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திரும்பினாள். அன்றைக்கு எத்தனை தடவை திரும்பினாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஒத்திகை முடிந்ததும் எஃபெக்டை எடுத்துவிட்டேன். ஒரு வாரம் எடுத்துத்தான் வைத்திருந்தேன். பிறகு போட்டேன்.

ஒரு நூல்தான் இறக்கினேன், அதற்கு மேல் இல்லை. நீங்கள் கேட்டால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். நானே திரையைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். ஆனால் அவளுக்கு அது போதும். தன் குரல் காதில் இறங்கிக் கேட்டால் என்ன செய்வாள்? கொஞ்சம் ஏற்றிப் பாடுவாள். அவளுக்குச் சரியாகிவிடும், கூட்டத்துக்கு ஏறிக் கேட்கும். நான் கணக்குப் போட்டது ஒரு நான்கைந்து மாதத்துக்குத்தான். மேடையில் சுருதி நிற்கவில்லை என்று அவளுக்கே ஒரு தயக்கம் வரும், கையெழுத்தைத் தள்ளிப்போடுவாள், பம்பாய்க்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் எடுத்துவிடலாம். அவளுக்கு வலிக்கப்போவதில்லை. வேலையில் ஒரு வாய்ப்பு தவறிப்போவது ஊரில் எல்லோருக்கும் நடக்கிறதுதானே.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த மாதங்களில் நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தப்பாகப் பாடுகிறாய் என்று என் வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. கச்சேரி முடிந்ததும் வேனில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்போம், அது எங்கள் வழக்கம். அவளே கேட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லையே, ஏறித்தானே பாடியிருந்தாள்.

முதலில் சிரித்து மழுப்பினாள். அப்புறம் வேனில் பேசுவதைக் குறைத்தாள். மேடையில் தனக்குள்ளே இரண்டு பேர் பாடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். வெந்நீர் குடித்தாள், மோரை விட்டாள், ஐஸ் தண்ணீரை விட்டாள். வீட்டில் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்ததாம். அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

“மேடையிலயும் எனக்குச் சரியாத்தான் கேக்கறது,” என்றாள் என்னிடம். “அப்புறம் போட்டுக் கேட்டா தப்பா இருக்கு. அப்போ ஆத்துல சரின்னு கேக்கறதை மட்டும் நான் எப்படி நம்பறது?”

கெட்டிக்காரி. 

இனாயத்துக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. தி.நகரில் வாடகைக்கு எடுத்த ஒரு ஸ்டூடியோவில் ஒத்திகை, நடுவில் அவள் முகம் கழுவப் போயிருந்தாள். அவன் ட்ரம்ஸை விட்டு எழுந்து வந்தான்.

“மச்சி, அது பாடறதுல ஒண்ணுமில்ல. இந்த மெஷின்லதான் இன்னாமோ கீது. குடு, ஒரு தபா நான் போட்டுக்கினு பாக்கறேன்.”

கொடுத்தேன். அவள் வந்து பாடினாள், அவன் அவளுடைய இன்-இயரில் ஒன்றைத் தன் காதில் வைத்துக் கேட்டான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் எஃபெக்டை அணைத்து வைத்தேன், ஒரு பட்டன்தான். இனாயத் உதட்டைப் பிதுக்கினான். திருப்பிக் கொடுக்கும்போது என் முதுகைத் தட்டி, “தப்பா நெனச்சிக்கினேன், நைனா,” என்றான். நல்லவன். அதற்குப் பிறகு அவனும் அவளைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நந்தனம் கச்சேரிக்கு வருகிறேன். ஒரு மைதானத்தில் பெரிய மேடை, நல்ல கூட்டம். முதல் வரிசையில் ஸ்ரீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, ஸ்லாக் சட்டை, இரண்டு காதிலும் பஞ்சு. ஒன்பது வருடத்தில் அவர் எங்களைக் கேட்க வந்தது அன்றைக்குத்தான். பெண் கலங்கிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, துணைக்கு வருகிறேன் என்று கிளம்பி வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததுமே நான் எஃபெக்டை அணைத்துவிட்டேன். மகள் பாடுவதை அவர் சரியாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் அப்படிப்பட்டவன்தான், நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

அன்றைக்கு அவள் காதுக்குப் போனது சுத்தமான குரல். ஆனால் இத்தனை மாதமாக ஏற்றிப் பாடியே பழகிவிட்டாளே. எடுத்த எடுப்பில் ஏற்றினாள், காதில் ஏறிக் கேட்டது. இறக்கினாள், சரியாகத்தான் வந்தது. ஆனால் சரியாகக் கேட்டதை அவள் நம்பவில்லை. மறுபடி ஏற்றினாள். பல்லவி முழுக்க மேலும் கீழுமாகத் தடவித் தடவித் தேடினாள். கடைசியில் இரண்டு காதிலிருந்தும் இன்-இயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அந்த ட்ரம்ஸ் சத்தத்தில் அவளுக்கு என்ன கேட்டிருக்கும்? குரல் எங்கெங்கோ போயிற்று. பின்னாலிருந்து பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள்.

அவள் அப்பா காதிலிருந்த பஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து வெளியே போய்விட்டார். கச்சேரி முடிந்து நாங்கள் போனபோது கேட் பக்கத்தில் ஓர் ஆட்டோவைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றிருந்தார். “கொஞ்ச நாள் பாடாதேம்மா. காதுக்கு ரெஸ்ட் குடு,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் அழுதுகொண்டே சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அன்று நான் எதுவும் செய்யவில்லை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

அடையாறில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். ஹெட்போனை மாட்டி, பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்களாம். காது அருமையாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். சத்தம் கேட்கிறதா என்றுதானே அவர் பார்த்தார், சுருதியைப் பார்க்க அவரிடம் என்ன இருக்கிறது. அங்கிருந்து நேராக இங்கே வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி. டாக்டருக்கே பிடிபடாத வியாதி என்றால் அது மூளையில்தான் இருக்கும் என்று முடிவு கட்டியிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. லேப்டாப்பைத் திறந்து, இதோ பார், இந்த ஒரு பட்டன்தான் என்று காட்டியிருந்தால் அவள் என்னை அறைந்திருப்பாள், அழுதிருப்பாள், அடுத்த வாரமே பாடியிருப்பாள். பம்பாய்க்கும் போயிருப்பாள். நான் வாயைத் திறக்கிற நேரத்தில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“எல்லாரும் நன்னாத்தான் பாடறேங்கறா. சமாதானம் சொல்றா. நீ ஒருத்தன்தான் ஒண்ணும் சொல்லாம இருக்கே,” என்றாள். “அதுதான்டா எனக்கு ஆறுதலா இருக்கு.”

தலைமுடியில் சீயக்காய் வாசனை.  நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பம்பாய்க்கு வரவில்லை என்று அவளே எழுதிப் போட்டுவிட்டாள். பேண்டும் அதோடு சரி. வேறு ஆளைப் பாட வைத்துப் பார்க்கலாம் என்று நான் ஒப்புக்குச் சொன்னேன். அது இல்லாத பேண்ட் இன்னாத்துக்கு மச்சி என்று கேட்டுவிட்டு இனாயத் ட்ரம்ஸைக் கழற்றி ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். இப்போது மாமாவோடு ஏசி ரிப்பேர் கடை பார்க்கிறான்.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கொட்டிவாக்கம், கம்ப்யூட்டர் கம்பெனி, தங்கமான பையன். கல்யாணத்துக்குப் போனேன். அவர்கள் வழக்கத்தில் நலங்கு என்று ஒன்று உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, தேங்காய் உருட்டி, அப்பளம் உடைத்து, ஒருவரை ஒருவர் கேலி செய்து விளையாடுவார்கள். மணப்பெண் பாட வேண்டும். ஸஹானா பாடப்போகிறாள் என்று சமையற்கட்டிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே, தொண்டை கட்டிண்டிருக்கு, அத்தை பாடட்டும் என்றாள். அத்தை பாடினாள். ஸ்ரீனிவாசராகவன் மண்டபத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்படி அழுததை மறைத்து எனக்கு என்ன லாபம்?

அதற்குப் பிறகு கிடாரைத் தொட முடியவில்லை. தொட்டால் பாட்டு வந்தது, வந்த பாட்டைப் பாட ஆள் இல்லை. பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். விளம்பரங்களுக்குப் பின்னணி போட்டுப் பிழைத்தேன். ஒரு பழைய சிந்தசைசர் வாங்கினேன், அப்புறம் இன்னொன்று, இதோ இந்தச் சுவர் முழுக்க நீங்கள் பார்க்கிற வயர்கள் எல்லாம். இரண்டு வருடம் என்னென்னவோ செய்துபார்த்தேன். எல்லாம் சுத்தமாக, அழகாக, செத்துப்போய் இருந்தது.

ஒருநாள் எங்கள் பழைய கச்சேரி ரெக்கார்டிங்குகளைத் திறந்தேன். அதில் ட்ரம்ஸ் தனி, கிடார் தனி, குரல் தனி. நந்தனத்தை எடுத்தேன். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அவள் குரலை மட்டும் கேட்டேன். கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தப்பான சுருதி என்று பையன்கள் சிரித்த அந்தப் பாட்டில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவள் அப்படித் தேடியிருக்கிறாள். ஒன்றில் கால் வைத்து, நம்பாமல் எடுத்து, அடுத்ததில் வைத்து. இன்-இயரைப் பிடுங்கிய பிறகு ஒரு மூச்சு இழுத்தாள், அது மைக்கில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு மூச்சை நீட்டினேன். நீட்டி, மடித்து, அதன் மேலேயே அதை அடுக்கினேன். ஆல்பத்தின் முதல் பாடல் அதுதான். ஐந்தாவது பாடலைப் பற்றி, இருட்டில் யாரோ கதவைத் தேடித் தடவுவதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது அந்த நந்தனத்துப் பல்லவி. சரியாகப் பாடிய வருஷங்களின் ரெக்கார்டிங்கும் என்னிடம் நிறைய இருக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஆறேழு மாதத்துக் குரலில்தான் உயிர் இருந்தது.

அடையாறில் முதல் தடவை போட்டுக் காட்டியபோது இளசுகள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதாள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். நீங்கள் மறுபிறவி என்று எழுதினீர்கள். அவளுடைய குரல் வீணாகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது.

ஸஹானா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி இங்கே வருவாள். அம்மா அந்தக் குழந்தைக்கு ரவா கேக் செய்து வைத்திருப்பாள். ஒருநாள் நான் எதையோ சரிசெய்துகொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் ஐந்தாவது பாடல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்று கேட்டாள்.

“யாரு பாடறா? மெஷினா?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவளே தலையாட்டிக்கொண்டாள். “மெஷின்தான். மனுஷா இப்படிப் பாடினா கேக்கறவாளுக்குப் பாவமா இருக்கும். எனக்கும் ஒண்ணு அனுப்பு, கொழந்தை தூங்கறதுக்குப் போடறேன்.”

அனுப்பினேன். அவள் தன் குழந்தைக்கு ஒரு தாலாட்டுகூடப் பாடியதில்லை, ரூஹி. பிஞ்சுக் காது, தன்னுடைய கெட்ட சுருதியைக் கேட்டு அதுவும் கெட்டுப்போய்விடக் கூடாது என்று பயம். பிறந்ததிலிருந்து பேச்சுதான், தட்டிக்கொடுப்பதுதான். அதனால் அந்தக் குழந்தை இப்போது என் ஆல்பத்தைக் கேட்டுத்தான் தூங்குகிறது. அம்மா குரலில்தான் தூங்குகிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிட்டால் முடிந்தது. குழந்தைக்கு நாலு வயது, நிவி என்று கூப்பிடுகிறார்கள். ப்ரீ-ஸ்கூலில் நன்றாகப் பாடுகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேவானை டீச்சர் என்று பக்கத்துத் தெருவிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர், அவரிடம் பேசி விஜயதசமிக்கு ஆரம்பித்துவிடலாம் என்று ஏற்பாடு. ஸஹானாவுக்குப் பயம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் குழந்தையை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“நீ கேட்டுச் சொல்லு. என்னோட காதுதான் இவளுக்கும் வந்திருக்குன்னா இப்பவே நிறுத்திடறேன். நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சு அவஸ்தைப்பட விடமாட்டேன்,” என்றாள்.

தம்புரா சத்தத்தைப் போட்டேன். குழந்தை சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் கேட்டது. வாயைத் திறந்து ஸட்ஜத்தில் போய் உட்கார்ந்தது. என்னவென்று சொல்ல, அத்தனை சுத்தம். திரையில் சுருதி காட்டுகிற முள் நட்டநடுவில் நின்றது, அசையவில்லை. பஞ்சமத்துக்குப் போனது, திரும்பி வந்தது.  ஸஹானாவுக்கும் அது கேட்டது. கேட்டதை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான். அவள் குழந்தையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் யோசித்தேன். ஆத்திரப்பட்டுச் செய்யவில்லை, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். குழந்தை பாட்டு வகுப்புக்குப் போனால், வீட்டில் தினமும் சாதகம் செய்யவைக்க வேண்டியது அம்மாதான். கூடவே உட்கார்ந்து பாட வேண்டும். பத்து நாள் போனால் அவள் பாடுவது தேவானை டீச்சர் காதில் விழும். உங்கள் காது சரியில்லை என்று யார் சொன்னது என்று அந்த அம்மாள் கேட்பார். ஸஹானா அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டாள். ஒவ்வொரு கச்சேரியாக நினைத்துப் பார்ப்பாள். கெட்டிக்காரி என்றுதான் சொன்னேனே.

“கொஞ்சம் இறங்கித்தான் இருக்கு,” என்றேன்.

அதுதான் நான் அவளிடம் என் வாயால் சொன்ன முதல் பொய். மற்றதெல்லாம் மெஷின் செய்தது.

அவள் அழவில்லை. குழந்தையின் சட்டையை நீவிவிட்டாள், என்னோடதுதான் வந்துடுத்து என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீயாவது நிஜத்தைச் சொன்னியே,” என்றாள். குழந்தைக்கு என்ன புரிந்ததோ, நான் இன்னொரு தரம் பாடட்டுமா என்று கேட்டது. வேண்டாம் கண்ணா என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விஜயதசமிக்கு அனுப்பவில்லை. தேவானை டீச்சரிடம் குழந்தைக்குச் சளி என்று சொல்லிவிட்டார்களாம்.

இதையெல்லாம் நீங்கள் தாராளமாக எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் குரல் மெஷின் இல்லை என்பது மட்டும் சரியாக வந்துவிட வேண்டும். ஸஹானா படித்துவிடுவாளே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். படித்தால் இங்கேதான் வருவாள். இது நிஜமா நோயல் என்று என்னிடம்தான் கேட்பாள்.

குழந்தையை நான் அப்படியே விட்டுவிடவில்லை. சின்ன வயசு, பழக்கினால் சரியாகிவிடும் என்று ஸஹானாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வாரா வாரம் இரண்டு பேரும் இங்கே வருவார்கள். பெரியவர்களுடைய ஹெட்போன் அந்தத் தலையில் நிற்காது, நழுவிவிடும். அதனால் சின்னதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.